கொத்தனார் போட்ட ஓட்ஸ் தளம்

மணிக்கட்டு முறிந்தபோது அவளுக்கு வலிக்கு முன்னால் சனிக்கிழமைதான் ஞாபகத்துக்கு வந்தது. அலமாரி மேலிருந்த பெரிய தட்டை எடுக்க முக்காலியில் ஏறியிருந்தாள். முக்காலி ஒரு பக்கம் போயிற்று, அவள் ஒரு பக்கம் போனாள். தட்டு மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் சுவரோரமாய்ச் சாய்ந்து நின்றது. அது வெள்ளிக்கிழமை. மறுநாள் சந்தை. வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அந்தச் சனிக்கிழமை அவளுக்குக் கழிந்தது.

சந்தை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பொதுக்கூடத்தில் இருபத்திரண்டு மேஜைகள். ஒவ்வொன்றிலும் வீட்டில் செய்த ஏதாவது ஒரு பண்டம். காலை ஒன்பதுக்குத் திறந்து மதியம் மூடிவிடுவார்கள். ஆனால் அதில் ஒரு மேஜை கிடைக்க அவள் மூன்று வருஷம் வரிசையில் காத்திருந்தாள். கிடைத்துப் பதினோரு மாதம் ஆகிறது. மேப்பிள் சிரப் என்கிற மரப்பாகு ஊற்றி ஓவனில் சுட்ட ஓட்ஸ் துண்டுகள், இரண்டு தட்டு, தட்டுக்கு இருபத்து நாலு. அதற்கு முன்பெல்லாம் தெருவில் அவளை எல்லாரும் 'கொத்தனார் வீட்டம்மா' என்றுதான் சொல்வார்கள். இந்தப் பதினோரு மாதத்தில் 'ஓட்ஸ்காரம்மா' ஆகியிருந்தாள். மளிகைக் கடையில் அப்படிக் கூப்பிட்டால் இரண்டு தடவை கூப்பிடும்வரை காது கேட்காத மாதிரி நிற்பாள். இன்னொரு தரம் கேட்கலாமே என்றுதான்.

கூடத்தில் விதிகள் உண்டு. யார் செய்தாரோ அவர்தான் மேஜைக்குப் பின்னால் நிற்க வேண்டும். தொடர்ந்து இரண்டு சனிக்கிழமை மேஜை காலியாகக் கிடந்தால் அது வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். விதிகளைக் காப்பது ஓய்வு பெற்ற நில அளவைக்காரி ஒருத்தி. இடுப்பில் எப்போதும் அளக்கும் டேப் தொங்கும்; எவர் மேஜை ஒரு விரற்கடை முன்னால் வந்தாலும் அளந்து தள்ளிவிடுவாள். ஸ்கேல் அம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கே அது தெரியும்.

ஒரு சனி போய்விட்டது. இன்னொன்று போனால் மேஜை போச்சு. கட்டுப் பிரிக்க இன்னும் ஐந்து வாரம். ஓட்ஸைப் பிசைந்து தட்டில் அழுத்த இரண்டு கையும், கை நிறைய பலமும் வேண்டும். கொத்தனார், அதாவது அவள் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் வைத்தே அந்தக் கட்டைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்திருந்தார்.

"ஓரத்தை மழுக்காம விட்டிருக்காங்க. குத்தும் பாரு."

குத்தத்தான் செய்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரை அரை நாள் லீவு போட வைத்தாள். மதியச் சாப்பாடு முடிந்து அவர் சாய்வதற்கு இடம் பார்க்கும்போது கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்குக் கலவை போடத் தெரியும்ல?"

"முப்பது வருஷமா வேற என்ன பண்றேன்?"

"அப்ப எந்திரிச்சு வாங்க. இன்னிக்கு ஓட்ஸ்ல போடணும்."

கொத்தனார் வாழ்க்கையில் அடுப்புப் பக்கம் போனது வெந்நீருக்கு மட்டும்தான். ஆனாலும் மறுக்கவில்லை. கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். கீழ் வீட்டிலிருந்து அவர் தங்கையும் வேடிக்கை பார்க்க ஏறி வந்துவிட்டாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள். வாய் வேனைவிட வேகம்.

"அண்ணா, ஒண்ணுக்கு ரெண்டா, ஒண்ணுக்கு நாலா? மணல் சலிச்சாச்சா?"

"நீ போய் உன் வேனைத் தொடை."

"அண்ணி, எதுக்கும் கடிச்சுப் பார்க்கிறதுக்கு முன்னாடி சுத்தியலால தட்டிப் பாருங்க."

அண்ணி சிரிக்கவில்லை. அவள் கண் மேடை மேலிருந்த மேப்பிள் சிரப் பாட்டில் மேல் இருந்தது. வீட்டில் இருந்தது அந்த ஒன்றுதான். ஒரு பாட்டில் சரியாக இரண்டு தட்டுக்கு வரும். கடையில் தீர்ந்துவிட்டது, புதன்கிழமைதான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். சர்க்கரைப் பாகு ஊற்றினால் பல்லில் பிடித்துக்கொள்ளும். தேன் ஊற்றினால் உள்ளே வேகுமுன் மேலே கருகிவிடும். இரண்டையும் ஒருகாலத்தில் செய்து பார்த்துக் கெடுத்தவள்தான் அவளும்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெண்ணெயை இளக்கினார். பாதிப் பாட்டில் சிரப்பை ஊற்றி, சின்னத் தீயில், கொதிக்க விடாமல், மேலே நுரை கூடும்வரை கிண்டினார். ஓட்ஸைப் பெரிய பாத்திரத்தில் கொட்டி, ஒடித்த பாதாம், ஒரு சிட்டிகை உப்பு போட்டு, நடுவில் குழி பறித்தார். குழி பறிக்க அவள் சொல்லவே இல்லை. பாகை அந்தக் குழியில் ஊற்றிச் சுற்றிலுமிருந்து ஓட்ஸை உள்ளே தள்ளித் தள்ளிக் கலந்தார். பதினோரு மாதமாக அவள் கலந்ததில் அங்கங்கே ஒன்றிரண்டு வெள்ளைத் திட்டு நிற்கும். இதில் ஒன்றுகூட இல்லை. அதை அவள் சொல்லவில்லை.

தட்டில் பரப்பி அழுத்தும்போது சுவரோரம் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"மேடை மட்டமாவே இல்லையே. யாரு போட்டது இது?"

"நீங்கதான்."

கொத்தனார் அட்டைத் துண்டு ஒன்றை மடித்துத் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டார்.

தட்டு ஓவனுக்குள் போனது. மூன்று மணிக்கு அவள் கட்டைக் காட்ட ஆஸ்பத்திரி போக வேண்டும். நாத்தனார் வேனில் கூட்டிப் போவதாக ஏற்பாடு. படியிறங்கும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"ஓரம் சிவந்து, மேல பொன்னா வந்ததும் எடுத்து வெளிய வைங்க. அப்புறம் அது பாட்டுக்கு ஆறட்டும். மத்தத் தட்டை நான் வந்ததும் போடலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

திரும்பி வர ஐந்து மணி ஆயிற்று. உள்ளே நுழையுமுன்பே மேப்பிள் வாசனை வாசலுக்கே வந்து கூப்பிட்டது. மனசு குளிர்ந்துபோய் அடுக்களைக்குள் போனவள் அப்படியே நின்றாள். தட்டின் மேல் ஈரத் துணி விரித்திருந்தது. கொத்தனார் பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு அந்தத் துணி மேல் பொறுப்பாகத் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"தண்ணி காட்டுறேன்."

"எதுக்குங்க?"

"வெளிய எடுத்ததும் மேல பொடிசா வெடிப்பு விட்டுச்சு. சூட்டோட காய விட்டா வெடிப்பு ஓடிரும். அதான் உடனே ஈரத்துணி போட்டேன். இது மூணாவது தரம்." வேலையைச் சரியாகச் செய்தவனின் குரல் அது.

அவள் இடது கையால் துணியைத் தூக்கினாள். கீழே இருந்தது துண்டு போடுகிற நிலையில் இல்லை. விரல் வைத்தால் விரல் உள்ளே போயிற்று. ஓட்ஸ் துண்டு இறுகுவது ஓவனில் இல்லை, வெளியே வந்து காய்ந்து ஆறும்போதுதான். மேலே விடுகிற வெடிப்பு வெட்டும்போது தானே மறைந்துவிடும். இதையெல்லாம் யார் யாருக்குச் சொல்வது? சுட்ட பண்டத்தின் மேல் ஒருத்தர் தண்ணீர் தெளிப்பார் என்று யார் கனவு கண்டார்கள்?

நாத்தனார் வாயைத் திறந்தாள். அண்ணி முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"இதைப் போய்க் கேப்பாங்களா? தளம் போட்டுட்டுத் தண்ணி காட்டாம எவனாவது விடுவானா?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போச்சு. பாதிப் பாட்டில்ல ஒரு தட்டு வரும். ஒரு தட்டை வச்சுக்கிட்டு மேஜையில நின்னா ஒரு மணி நேரத்துல காலி. காலி மேஜைக்கு அந்த ஸ்கேல் அம்மா குறிப்பு எழுதிரும்."

கொத்தனார் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார். ஊறிப்போன ஓட்ஸில் ஒரு விரலளவு எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"ருசி கெடலையே. பிடிப்புதான் போச்சு."

"பிடிப்பு இல்லாம அதை என்ன பண்றது?"

"உடைஞ்ச செங்கல்ல என்ன பண்றோம்? ஜல்லியாக்கி அடியில போடுறோம்ல?"

நாத்தனாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் அதற்குள் தட்டைக் கவிழ்த்து உதிர்க்க ஆரம்பித்துவிட்டார். உதிர்த்ததை ஓவனில் சின்னச் சூட்டில் வைத்து, நடுநடுவே கிளறி, முக்கால் மணி நேரம் வறட்டினார். ஈரமெல்லாம் போய், முன்னைவிட நிறம் கூடி, கடிக்கையில் மொறுமொறுவென்று ஆயிற்று. அதை இரண்டு தட்டிலும் பாதிப் பாதியாகப் பரப்பினார். மீதிச் சிரப்பையும் வெண்ணெயையும் கலந்து சூடாக்கி, மேல் கலவைக்குப் போகுமுன் அதில் நாலைந்து கரண்டி எடுத்துத் தனியாக வைத்தார்.

"அது எதுக்கு?"

"பழசு மேல புதுசு ஒட்டணும்னா நடுவுல பால் ஊத்தணும். இல்லாட்டி ரெண்டும் தனித்தனியா வந்துரும்."

சிமெண்ட் பால் ஊற்றுகிற மாதிரி அந்தப் பாகை அடித்தளத்தின் மேல் தடவினார். அதன் மேல் புதுக் கலவை, மெல்லிசாக. பிறகு தன் பையைத் திறந்து, பூச்சு பூசுகிற, காகிதம்கூடப் பிரிக்காத புதுக் கரணை ஒன்றை எடுத்தார்.

"சத்தியமா புதுசுதானே?"

"சிமெண்ட் இதை இன்னும் பார்த்ததே இல்ல."

அவளே வெந்நீரில் இரண்டு தடவை கழுவ வைத்தாள். அந்தக் கரணையால் அவர் அழுத்தி இழுத்த இழுப்பில் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி ஆயிற்று. இந்தத் தடவை தட்டை ஓவனிலிருந்து வெளியே எடுத்ததும் அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"நாளைக்கு அந்தம்மா கேட்டா, நான்தான் இடது கையால செஞ்சேன்னு சொல்லிருவேன். நீங்க எதுவும் பேச வேண்டாம்."

"நான் எப்பப் பேசினேன்?"

"அண்ணி, உங்களுக்கு இடது கையால ஸ்பூனே பிடிக்க வரலையே," என்றாள் நாத்தனார். அண்ணி தன் மேலே சிந்தியிருந்ததைத் துடைத்துக்கொண்டாள்.

காலையில் கொத்தனார் நூல் பிடித்துத்தான் வெட்டினார். நாற்பத்தெட்டுத் துண்டு. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஒரு மயிரிழை வெளியே நீட்டவில்லை. பக்கவாட்டில் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு அடுக்கு, மேலே பொன்னிறமாக ஒன்று, நடுவில் பாகு மினுங்குகிற ஒரு கோடு. ஓரத்தில் உதிர்ந்ததை அவள் வாயில் போட்டுப் பார்த்தாள். கீழே மொறுமொறுப்பு, மேலே மெத்து. இன்னொரு விள்ளல் எடுத்துக்கொண்டாள்.

கூடத்தில் அவர் மேஜையில் எல்லாம் அடுக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். பக்கத்து மேஜை ஜாம் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி ஓட்ஸ்காரம்மா, கை உடைஞ்சு போச்சுன்னாங்க, நீ என்னடான்னா செங்கல் சூளையையே கொண்டுவந்து இறக்கியிருக்கே?"

"சும்மா இரு அக்கா. அந்தம்மா வருது."

ஸ்கேல் அம்மா வந்தாள். முதலில் மாவுக்கட்டைப் பார்த்தாள், பிறகு துண்டுகளைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். டேப்பை இழுத்து ஒரு துண்டை அளந்தாள், நடுவிலிருந்து இன்னொன்றை அளந்தாள், கடைசியிலிருந்து ஒன்று.

"முப்பத்தஞ்சு வருஷம் நிலம் அளந்திருக்கேன். இப்படி ஒரு நேர்க்கோட்டைப் பார்த்ததில்ல. இதை யாரு செஞ்சது?"

"நான்..." என்று வாயெடுத்தவள், பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தாள். கொத்தனார் கையை முன்னால் கோத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, தரையைப் பார்த்து நின்றார். கட்டடத்தைப் பார்க்க என்ஜினியர் வரும்போது அவர் அப்படித்தான் நிற்பார். என்ஜினியர் வீட்டுச் சொந்தக்காரரோடு பேசுவார், சொந்தக்காரர் என்ஜினியரோடு பேசுவார். வாசலில் அந்தச் சொந்தக்காரர் பெயரைப் பதிப்பார்கள். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் சாய்ந்து, "அந்த மாடி நான் எழுப்பினது" என்று அவர் சொல்வது அவள் ஒருத்தியிடம் மட்டும்தான். இப்போது தானும் அப்படி ஒரு வீட்டுச் சொந்தக்காரியாக நிற்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. நாக்கு திரும்பிக்கொண்டது.

"நான் இல்லம்மா. இவரு. எங்க வீட்டுக்காரரு. நான் உட்கார்ந்து சொன்னேன், அவ்வளவுதான். பாதி நான் சொல்லாததும்கூட."

ஜாம் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பாட்டில்களை நேராக்கினாள்.

"அப்ப உங்க மேஜை இன்னிக்கும் காலின்னுதான் கணக்கு," என்றாள் ஸ்கேல் அம்மா. கோபமில்லை, அளவைச் சொல்கிற குரல்தான். "ரெண்டு வாரம் ஆச்சு. ஆனா ஒண்ணு செய்யலாம். ஒரே வீட்டுக்குள்ள பேரை மாத்திக்கலாம். செஞ்சவரு பேர்ல அட்டை எழுதித் தர்றேன், அவரு மேஜைக்குப் பின்னால நிக்கட்டும். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்தலாம். நாளைக்கே உங்க கை சரியாயிருச்சுன்னாலும் அடுத்த வருஷம் வரைக்கும் நீங்க அந்தப் பக்கம் போக முடியாது. யோசிச்சுக்கோங்க. இன்னும் பத்து நிமிஷத்துல கதவைத் திறந்துருவேன்."

மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய மேஜை. அட்டையில் அவள் பெயர், அவளே அழகாக எழுதியது, ஓரத்தில் கொஞ்சம் வெண்ணெய்க் கறையோடு. ஒரு வருஷம் என்றால் ஐம்பத்திரண்டு சனிக்கிழமை. ஆனால் விட்டால் மறுபடி மூன்று வருஷம். அதற்குள் யார் இருப்பார், யார் இல்லை.

"எழுதுங்க," என்றாள்.

"இருங்க இருங்க," என்றார் கொத்தனார். அன்று காலையில் அவர் பேசிய முதல் வார்த்தை. "என்னை யாருமே கேக்கலையே? சனிக்கிழமை சைட்டுல ஆளுக்குச் சம்பளம் போடற நாள். காலையில வராதவன் கொத்தனாரான்னு மேஸ்திரி கேப்பான்."

"கேட்டா ஒரு துண்டு குடுங்க. வாய் அடைஞ்சிரும்."

"ஜனங்க கிட்ட பேச வேற வேணும். எனக்கு அது வராது. உனக்கே தெரியும்."

"தெரியும்," என்றாள் அவள். அட்டையை இடது கையால் மேஜையிலிருந்து எடுத்து ஸ்கேல் அம்மாவிடம் நீட்டினாள்.

கொத்தனார் அந்தக் கையைப் பார்த்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மதியத்துக்குள்ள விட்டுருவீங்கல்ல?" என்று ஸ்கேல் அம்மாவிடம் கேட்டுவிட்டு மேஜைக்குப் பின்னால் போய் நின்றார். அவள் முன்பக்கம் வந்தாள். பதினோரு மாதத்தில் மேஜையை முன்பக்கத்திலிருந்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கதவு திறந்தது. முதலில் வந்த அம்மா துண்டைக் காட்டிக் கேட்டாள்.

"இது என்னங்க?"

"ஓட்ஸ்."

"உள்ள என்ன இருக்கு?"

"ஓட்ஸ்தான்."

அந்த அம்மா தலையாட்டிவிட்டு ஜாம் பக்கம் நகர்ந்தாள். அடுத்து வந்தவரிடம் அந்த 'ஓட்ஸ்'கூட வாயை விட்டு வரவில்லை. கொத்தனார் நெற்றியில் வியர்வை அரும்பியது. மூன்றாவது ஆளும் நகரப் போனபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"கொஞ்சம் நில்லுங்கம்மா. ஒரு தடவை இப்படிச் சாய்ச்சுப் பக்கவாட்டுல பாருங்க. ரெண்டு அடுக்கு தெரியுதா? கீழ இருக்கிறது ரெண்டு தடவை ஓவன்ல போனது, மொறுமொறுன்னு இருக்கும். மேல இருக்கிறது மெத்துன்னு இருக்கும். நடுவுல ஓடுது பாருங்க, அது மேப்பிள் சிரப். ஒரு துளி சர்க்கரை கிடையாது."

"நீங்க கடைக்காரங்களா?"

"நானா? நான் வாங்க வந்தவ."

கொத்தனார் இருமினார். அந்த அம்மா நாலு துண்டு வாங்கிக்கொண்டாள். பின்னால் நின்ற இருவர் என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சாய்த்துக் காட்டினாள். ஸ்கேல் அம்மா கூடத்தின் மறுகோடியிலிருந்து நடந்து வந்தாள். அந்த அம்மா குனிந்து, ஓட்ஸ்காரம்மாவின் செருப்பு நுனிக்கும் மேஜை விளிம்புக்கும் நடுவே டேப்பை நீட்டி அளந்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாள்.

"வாங்குறவங்க எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். இந்தக் கோட்டைத் தாண்டாம இருந்தா சரி," என்றுவிட்டு, தனக்கு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு போனாள்.

பதினொன்றரைக்கெல்லாம் முக்கால்வாசி போய்விட்டது. யார் செய்தது என்று கேட்டவர்களுக்கு அவள் மோவாயால் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் கொத்தனார் தரையைப் பார்த்தார். ஏழாவதோ எட்டாவதோ தடவை, "ஆமாங்க, நான்தான்," என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர்தான்.

நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்தது. முதுகில்லாத குட்டை நாற்காலி மேஜைக்குப் பின்னால் மட்டும்தான் போட்டிருக்கும், நிற்கிறவருக்கு ஒன்று. கொத்தனார், வந்தவருக்குத் துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே காலால் அந்த நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினார். அது தரையில் கிறீச்சிட்டபடி முன்பக்கம் வந்து அவள் முழங்காலில் இடித்தது. அவள் அதை இழுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கமாகப் போட்டு, உட்கார்ந்து, மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஆள் வந்துகொண்டிருந்தார்.

"வாங்கண்ணா, இந்தப் பக்கம் வந்து பாருங்க."